வால்பாறை: மெல்லச் செல்பவருக்கும் உரிய காடு

"இனி எங்காவது வெளியூர் போய்வரலாமா?" சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பலரும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். பல வாரங்களாகக் கட்டிலருகே உட்கார்ந்தபடியே உறங்கிய மனைவியோ மகனோதான். கோயில், கடற்கரை என்றால் தயங்காமல் சம்மதிக்கிறோம். காடு என்றால் மட்டும் யோசிக்கிறோம். காட்டுப் பயணம் என்பது மலையேற்றமும் அருவிக் குளியலுமே என்று எண்ணிப் பழகியதே இதற்குக் காரணம். உண்மையில் மழைக்காட்டில் விரைந்து நடப்பவர் காண்பது குறைவு. ஓரிடத்தில் அரைமணி நேரம் பேசாமல் அமர்ந்திருப்பவரே மிகுதியாகக் காண்கிறார். கோவை மாவட்டத்து வால்பாறையை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ளது வால்பாறை. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தேயிலையும் காபியும் விளையும் மேட்டுநிலம் அது. தோட்டங்களுக்கிடையே வெட்டப்படாமல் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகள் பல உள்ளன; சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் விரிந்திருக்கிறது. ஆகவே அடர்காட்டுக்குள் கால்வைக்காமல், சாலையோரத்தில் நின்றபடியே காட்டுயிர்களைக் காண இயலும்.

உண்மையான சோதனை காடு அன்று, அதற்குச் செல்லும் சாலையே. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டையூசி வளைவுகள். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறினால் நலமாக இருப்பவருக்கே குமட்டும். நீரிழிவு உள்ளவர்கள் இங்கு மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்ட பின் உண்டதை வாந்தி எடுத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே சர்க்கரையோ குளுக்கோஸோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் பார்வையைச் செலுத்துவது குமட்டலைக் குறைக்கும். குமட்டல் தடுப்பு மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டா; அவற்றுள் சில, கண்ணழுத்த நோயும் புரோஸ்டேட் வீக்கமும் உள்ளவர்களுக்கு ஒவ்வாதவை. ஒன்பதாம் வளைவில் 'லோம்ஸ் வியூ' என்னும் காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் தெரியும். பாறைச் சரிவுகளில் வரையாடுகளும் சில வேளை நிற்கும். எப்படியும் அங்கே இறங்கிச் சற்று இளைப்பாறிவிட்டுத் தொடர்வது நல்லது.

வால்பாறைக்கு அருகில் உள்ள புதுத்தோட்டத்துக் காட்டில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. மரக்கிளை வழியாகவே வாழ்க்கை நடத்தும் இவை, காடு துண்டானதால் சாலையைக் கடக்க நேர்கிறது. அதற்கென்றே சாலைக்கு மேலே கயிற்றுப்பாலம் போன்ற தொங்கு வழிகள் கட்டப்பட்டுள்ளன. பலாப்பழத்தைப் பிளந்து உண்ணும் கூட்டத்தைச் சாலையின் மறுபுறம் இருந்து பார்ப்பதற்கு உடல் வலிமை எதுவும் தேவையில்லை. உணவு மட்டும் கொடுக்காதீர்கள். எந்தக் குரங்கு கடித்தாலும் கீறினாலும் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்ல வேண்டும்.

இருவாட்சியைப் பார்க்க முடிந்தால் அது நற்பேறு. பறவை கண்ணில் படுமுன்பே அதன் சிறகடிக்கும் ஓசை, பழைய நீராவி இரயில் மூச்சுவிடுவதுபோல் தலைக்கு மேலே கேட்கும். ஆண்டின் முற்பகுதியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்து, அலகு நுழையும் அளவு பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. ஆண் பறவை மாதக்கணக்கில் அத்திப்பழங்களைச் சுமந்துவந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. கூட்டருகே செல்லாமல், தொலைவிலிருந்து தொலைநோக்கியால் பார்க்க வேண்டிய காட்சி இது. படுக்கையருகே நெடுநாள் இருந்தவர்கள் இதைப் பார்க்கும்போது ஏனோ நேரம் போவது தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

விடியலில் விடுதித் திண்ணையிலிருந்தே சீகாரப் பூங்குருவியின் பாட்டைக் கேட்கலாம். மனிதர் எவரோ சீழ்க்கையடிப்பதாகவே முதலில் தோன்றும். மாலை மங்கிய பின் வெளியே உலவ வேண்டா. தோட்டங்கள் வழியே யானைகள் நடமாடும் ஊர் இது. யானை அருகில் இருப்பதை அறிவிக்கும் சிவப்பு விளக்குகள் சில இடங்களில் நிறுவப்பட்டுள்ளன. விளக்கு எரிந்தால் அப்பக்கம் செல்லலாகாது.

அட்டைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹிருடின் என்னும் பொருள் உள்ளது. எல்லோருக்குமே கடிவாய் சிறிது நேரம் கசியும். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்து உண்பவர்களுக்கும் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் கசிவு நெடுநேரம் நீடிக்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. இவர்கள் ஈரப் புல்லையும் சருகுப் பாதையையும் தவிர்த்து, தார்ச்சாலையிலிருந்தே காட்டைக் காணலாம். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காமல், நகத்தால் மெல்ல நெம்பி அகற்றி, கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். கசிவு நிற்காவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும் மிகுதி.

எல்லோரும் உடனே புறப்படலாம் என்று சொல்வதற்கில்லை. கீமோதெரபி நடந்துகொண்டிருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள், அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள் தங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். வால்பாறையில் அரசு மருத்துவமனை உண்டு. உயர்சிகிச்சைக்கு அதே நாற்பது வளைவுகளையும் கடந்து பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் இறங்க வேண்டும். இதை மனத்தில் வைத்தே தங்கும் நாள்களை முடிவு செய்யுங்கள். இரண்டு நாள் கூடுதலாக மருந்தும், மருத்துவக் குறிப்பின் நகலும் கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பி வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் காணப்படும் நோய். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில் வலியில்லாத கரும்பொருக்கு ஒன்று தென்படலாம்; தென்படாமலும் இருக்கலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணமாகும். மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், எங்கே சென்றுவந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.