பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் மாஸ்டர்

2025 நவம்பரில் பேஸ்பாலின் அமெரிக்கன் லீகில் மதிப்புமிக்க வீரர் விருது நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜுக்குப் போனது. வாக்களித்த 30 பத்திரிகையாளர்களில் 17 பேர் அவருக்கும், 13 பேர் சியாட்டில் மரைனர்ஸின் கேட்சர் கேல் ராலேக்கும் முதலிடம் தந்தார்கள். ஜட்ஜின் பேட்டிங் சராசரி .331, ஹோம் ரன் 53. ராலேயின் சராசரி .247தான், ஆனால் ஹோம் ரன் 60. அதுவரை எந்தக் கேட்சரும் ஒரே சீசனில் ஐம்பதைத் தொட்டதில்லை. இருவரில் யார் மேல்?

இந்த வாதத்தில் இரு தரப்பும் எடுத்து நீட்டுவது ‘வார்’ என்ற எண்ணை. அதன் அடியில் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. வீரரைப் பூஜ்யத்தோடோ சராசரி வீரரோடோ அது ஒப்பிடுவதில்லை. குறைந்த சம்பளத்துக்கு நாளைக்கே கிடைக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரரோடு ஒப்பிட்டு, அவரைவிட எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று சொல்கிறது. அப்படிப்பட்டவர்களே நிறைந்த அணி 162 ஆட்டங்களில் சுமார் 48ல் ஜெயிக்கும் என்பது கணக்கு.

பரோட்டா மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டால் கடையை மூடிவிடுகிறோமா? முதலாளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் விசாரித்து ஒருவரைக் கூட்டிவருவார். மாஸ்டர் நாளுக்கு 500 போடுவார். வந்தவர் 350 போடுகிறார். அப்படியானால் மாஸ்டரால் கடைக்குக் கூடுதலாகக் கிடைப்பது 150. இதே மேஜை துடைப்பவர் வராவிட்டால் அரை மணியில் ஆள் கிடைக்கும். பிரியாணி மாஸ்டர் வராவிட்டால் அன்று பிரியாணியே இல்லை. கேட்சர்தான் பிரியாணி மாஸ்டர். குந்தியிருந்து பந்தும் பிடித்து, மட்டையும் வீசத் தெரிந்தவர் அரிது. அதனால் முழு சீசனுக்குக் கேட்சர் கணக்கில் 12.5 ரன் கூட்டுகிறார்கள். ஜட்ஜ் நிற்கும் ரைட் ஃபீல்டுக்கு 7.5 கழிக்கிறார்கள். பத்து ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி. மட்டையைத் தொடும் முன்பே இரண்டு வெற்றி வித்தியாசம்! அடுப்பையும் பார்க்க வேண்டும்: சியாட்டில் மைதானம் மந்தமாக எரியும் அடுப்பு, அங்கே ரன் எடுப்பது கடினம். அதற்கும் ஈடு உண்டு.



ஆனால் இந்த ‘வார்’ எண்ணைத் தசமப்புள்ளி வரை நம்பித் தரவரிசை போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஜட்ஜ் 10.1, ராலே 9.1. பேஸ்பால் ரெஃபரன்ஸில் ஜட்ஜ் 9.7, ராலே 7.4. ஓரத்தில் வரும் பந்தை நடுவர் ‘ஸ்ட்ரைக்’ என்று சொல்லும்படி கையுறையை நாசூக்காக நகர்த்திப் பிடிப்பது கேட்சரின் கலை. முதல் தளம் அதற்கு மதிப்பெண் தருகிறது, இரண்டாவது தருவதில்லை. வேறுபாட்டுக்கு அதுவே முக்கியக் காரணம்.

முதல் தளத்தில் இரு வீரர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வெற்றி. இரு தளங்களுக்கும் நடுவே ராலே என்ற ஒரே மனிதருக்குள் இருக்கும் தூரம் 1.7. இரண்டிலும் ஜட்ஜ்தான் முன்னால். என் வாக்கும் அவருக்கே. ஆனால் ராலேக்கு வாக்களித்த 13 பேருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அளவுகோலின் நடுக்கத்தை அவர் பார்க்கவில்லை என்று பொருள்.