ஸ்கெட்ச், டிராயிங், வாட்டர்கலர்: எதற்கு எந்தப் பேப்பர்? வாங்கும் முன் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

"அக்கா, எனக்கு இதெல்லாம் வராதுக்கா. காசுதான் வேஸ்ட்."

பெங்களூரு அடுகோடியில் வாடகை வீட்டில் இருக்கும் என் தோழியின் தங்கை சொன்னது இது. ஐ.டி. வேலை. வார இறுதியிலாவது ஸ்க்ரீனைப் பார்க்காமல் இருக்கலாமே என்று வாட்டர்கலர் பழக ஆரம்பித்தார். நல்ல பெயிண்ட் செட், நாலு பிரஷ், பக்கத்திலேயே லால்பாக் ஏரி. எல்லாம் இருந்தது. வரைந்தது மட்டும் ஸ்கூல் டிராயிங் நோட்டில். வானத்துக்கு நீலம் பூசியதும் தாள் அலை அலையாக எழும்பியது. கலர் ஓடிப்போய்ப் பள்ளங்களில் தேங்கியது. இரண்டாவது முறை பிரஷ் வைத்ததும் தாள் திரிதிரியாக உரிந்து வந்தது.

இந்த மூன்று கோளாறுக்கும் அவர் கையைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றுமே பேப்பரின் வேலை. நீங்களும் இப்படி ஒரு செட்டை வாங்கி, நாலு படம் போட்டு, அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தவராக இருந்தால், அதை இறக்குவதற்கு முன் இதைப் படிச்சிடுங்க.

பெயிண்ட் சுமாராக இருந்தாலும் நல்ல பேப்பர் ஓரளவு காப்பாற்றும். பேப்பர் சுமாராக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் காப்பாற்றாது. அதனால் பட்ஜெட்டில் முதல் பங்கு பேப்பருக்கு. அடுத்தது பிரஷ். கடைசியில் பெயிண்ட்.

1. ஜி.எஸ்.எம்.: தாள் எவ்வளவு கனம்?

அட்டையில் 80, 150, 300 என்று போட்டிருக்கும் எண்தான் இது. ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்று அர்த்தம்.

ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை 16 துண்டாக்கினால் ஒரு துண்டு ஏ4. அப்படியென்றால் ஆபீஸ் பிரிண்டரில் போடும் 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றின் எடை சுமார் 5 கிராம். 500 தாள் கொண்ட பண்டல் 2.5 கிலோ. 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாள் அதே ஏ4 அளவில் கிட்டத்தட்ட 19 கிராம். பேட் வாங்கியதும் சந்தேகம் வந்தால், சமையலறை டிஜிட்டல் தராசில் பத்துத் தாளை வைத்துப் பாருங்க. 187 கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

கனம் ஏன் முக்கியம்? காகிதம் என்பது செடியின் நார்கள் பின்னிக்கிடக்கும் ஒரு படலம். தண்ணீர் பட்டதும் அந்த நார்கள் உப்பும். நனைந்த இடம் விரியும், நனையாத இடம் அப்படியே இருக்கும். விரிந்த பகுதிக்குப் போக இடமில்லாததால் மேலே எழும்பும். தோழியின் தங்கைக்கு நடந்தது இதுதான். தாள் கனமாக இருந்தால் இந்த இழுபறியைத் தாங்கும்.

சில பேப்பர்களில் 140 எல்.பி. என்றும் இருக்கும். அது 300 ஜி.எஸ்.எம்.மின் பழைய ஆங்கிலேயக் கணக்கு. 22க்கு 30 அங்குல முழுத் தாள் 500 சேர்ந்தால் 140 பவுண்டு. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

2. நார்: மரமா, பருத்தியா?

ஆபீஸ் பேப்பர் பெரும்பாலும் மரக்கூழில் செய்வது. நம்ம ஊரில் கரும்புச் சக்கையிலும் செய்கிறார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். ஆலைக்குக் கரும்புச் சக்கை முக்கிய மூலப்பொருள். எழுதவும் பிரிண்ட் எடுக்கவும் இது போதும்.

வாட்டர்கலருக்கு உயர்ந்த ரகம் என்று ஓவியர்கள் சொல்வது 100% பருத்தி. பருத்தி நார் வலுவானது. தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். ஈரத்தின் மேல் ஈரமாகக் கலர் விட்டு, இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும் மேகம் போட வேண்டும் என்றால் அந்தக் கூடுதல் நேரம் உங்களுக்கு வேண்டும். மரக்கூழ்த் தாளில் கலர் மேலாகவே நின்று சீக்கிரம் காய்ந்து, ஓரத்தில் கோடு விழுந்துவிடும். அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு. தப்பாகப் பூசிய கலரை நனைத்து எடுப்பது பல சமயம் அதில் சுலபம்.

இன்னொரு வித்தியாசம் ஆயுள். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும். வெயிலில் கிடந்த செய்தித்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்த செடி, கொடிப் படங்கள் இன்றும் எடின்பரோ ராயல் தாவரவியல் தோட்டத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஐரோப்பியக் காகிதம் துணிக் கந்தலில்தான் தயாரானது. மரக்கூழ்க் காகிதம் பரவியது அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்.

அதே கந்தல் துணிக் காகிதம் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் பருத்தித் துணிக் கழிவில் காகிதம் செய்கிறது. கர்நாடகத்தின் தாரிஹாளில் காதி பேப்பர்ஸ் ஆலை, டி-ஷர்ட் தைக்கும்போது மிஞ்சும் வெட்டுத்துணியிலிருந்து வாட்டர்கலர் தாள் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது.

3. சைஸிங்: பேப்பருக்குப் போட்ட கஞ்சி

அட்டையில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. ஆனால் வாட்டர்கலருக்கு இதுதான் உயிர்.

கஞ்சி போடாத வேட்டி தண்ணீரை உடனே குடித்துவிடும். கஞ்சி போட்டது சற்று நேரம் தாங்கும். பேப்பரும் அப்படியே. நார்களுக்கு இடையே ஜெலட்டின், ஸ்டார்ச் அல்லது வேறு வேதிப்பொருள் சேர்த்து உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் சைஸிங். சைஸிங்கே இல்லாத காகிதத்தை நீங்கள் பள்ளியில் பார்த்திருப்பீர்கள்: மை ஒற்றும் பிளாட்டிங் பேப்பர்.

ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு போன்ற பெயர்பெற்ற தாள்களில் அதுதான் இருக்கிறது. அது வேண்டாம் என்பவர்கள் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எளிது. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்க. சொட்டு கொஞ்ச நேரம் உருண்டு நின்று மெதுவாக இறங்கினால் நல்லது. வைத்த உடனே பரவி மறைந்தால் அந்தத் தாள் வாட்டர்கலருக்கு உதவாது. கைக்காகிதத்தில் இந்தச் சோதனை கட்டாயம். கல்யாணப் பத்திரிகைக்கும் கிஃப்ட் பைக்கும் செய்யும் கைக்காகிதமும் பார்க்க ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

4. மேற்பரப்பு: வழவழப்பா, சொரசொரப்பா?

இதில் மூன்று வகை.

ஹாட் பிரஸ்: சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்ட மாதிரி வழவழப்பாக இருக்கும். பேனா, நுணுக்கமான பூ, இலை, முகம் ஆகியவற்றுக்கு ஏற்றது. கலர் வழுக்கி ஓடுவதால் புதியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

கோல்ட் பிரஸ்: லேசான சொரசொரப்பு. எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். முதல் தாள் இதுவாக இருக்கட்டும். பிரிட்டிஷ் கம்பெனிகள் இதையே 'நாட்' என்பார்கள். ஹாட் பிரஸ் செய்யாதது என்று பொருள்.

ரஃப்: நல்ல மேடு பள்ளம். கொஞ்சம் உலர்ந்த பிரஷ்ஷை வேகமாக இழுத்தால் மேட்டில் மட்டும் கலர் ஒட்டும். லால்பாக் பாறையை வரைய அருமையாக இருக்கும்.

சரி, எதற்கு எது?

பென்சில் ஸ்கெட்ச்: 100 முதல் 150 ஜி.எஸ்.எம். போதும். கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். பென்சில் கரி ஒட்டுவது அந்தச் சொரசொரப்பில்தான். மெட்ரோவிலும் டீக்கடையிலும் பயிற்சிக்கு வரைய ஆபீஸ் ஏ4 தாளே தாராளம். தப்பு செய்யப் பயமில்லாத பேப்பரில்தான் கை ஓடும்.

சார்க்கோல், பேஸ்டல்: நல்ல சொரசொரப்பு கட்டாயம். வழவழப்பான தாளில் தூள் நிற்காது.

பேனா, இங்க்: வழவழப்பு வேண்டும், சைஸிங்கும் நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோடு பூச்சி ஊர்ந்த மாதிரி கசியும். பிரிஸ்டல் அல்லது ஹாட் பிரஸ் நல்ல தேர்வு.

பேனாவில் வரைந்து லேசாக வாட்டர்கலர் தொட: 200 ஜி.எஸ்.எம். தாங்கும்.

முழு வாட்டர்கலர்: 300 ஜி.எஸ்.எம். அதற்குக் கீழே போனால் தாளை நனைத்து, பலகையில் டேப் ஒட்டி இழுத்துக் காயவைத்த பிறகே வரைய வேண்டும். வேலைக்குப் போய் வருபவர்களுக்கு அந்தப் பொறுமை எத்தனை நாள் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

லேபிளில் ஏமாறும் இடங்கள்

'வாட்டர்கலர் பேட்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கனமும் நாரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நார் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால் மரக்கூழ் என்று எடுத்துக்கொள்ளலாம். பருத்தியாக இருந்தால் கம்பெனிக்காரர் அதைப் பெரிய எழுத்தில் சொல்லாமல் விடமாட்டார்.

'வுட் ஃப்ரீ' என்றால் மரமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. அரைத்த மரக்கூழ் சேர்க்கவில்லை, வேதிமுறையில் லிக்னினை நீக்கிய கூழில் செய்தது என்றுதான் அர்த்தம். அதுவும் மரம்தான்.

'ஆசிட் ஃப்ரீ' நல்ல விஷயம். தாள் சீக்கிரம் பழுப்பாகாது. ஆனால் அதுவும் பருத்தியும் ஒன்றல்ல.

பிராண்ட் பெயரும் போதாது. கான்சன் பெயரில் எக்ஸ்.எல். மரக்கூழ், ஹெரிடேஜ் 100% பருத்தி. ஃபேப்ரியானோவில் ஆர்டிஸ்டிகோ 100% பருத்தி, ஸ்டூடியோ 25%. ஒரே கம்பெனி, வேறு வேறு பேப்பர். 'பேர் வாங்கின கம்பெனியில் வாங்கியும் சரியில்லை' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

எத்தனை தாள் என்று எண்ணாதீர்கள், பரப்பைக் கணக்கிடுங்கள்.

12 தாள் கொண்ட ஏ5 பேட் ஒன்றின் மொத்தப் பரப்பு சுமார் 0.37 சதுர மீட்டர். 22க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்றே ஒன்றின் பரப்பு சுமார் 0.43 சதுர மீட்டர். பன்னிரண்டைவிட ஒன்று பெரியது. அந்த ஒரு முழுத் தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துக் கிழித்தால் ஏழரைக்குப் பதினொரு அங்குலத்தில் 8 தாள் கிடைக்கும். ஏ4ஐவிடக் கொஞ்சம்தான் சின்னது.

அதனால் 100% பருத்தி பேட் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆர்ட் ஸ்டோரில் முழுத் தாளாக ஒன்று கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து வாங்கிப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வரையலாம் என்பதால், சொதப்பிய படத்தின் பின்பக்கம் பயிற்சிக்கு ஆச்சு.

வாங்கிய பிறகு

பேப்பருக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. ஈரத்தில் பல மாதம் கிடந்தால் சைஸிங் கெட்டுப்போகும். பிறகு கலர் பூசினால் அங்கங்கே திட்டுத் திட்டாக உறிஞ்சிக்கொள்ளும். பார்த்தால் தெரியாது, பூசும்போதுதான் தெரியும். சென்னை, புதுச்சேரி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பெங்களூரு மழைக்காலத்திலும் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். ஜிப் கவரில் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு, படுக்கை வசமாக வையுங்க. ஒரு வருஷத்துக்கு ஆகும் அளவு மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம்.

மார்ச், ஏப்ரலில் பிரச்னை தலைகீழ். காற்று வறண்டு கிடக்கும். வானம் பூசும்போது ஃபேனை நிறுத்திடுங்க. நல்ல பேப்பர் வாங்கித் தரும் நேரத்தை ஃபேன் பறித்துவிடும்.

முதல் பட்டியல்

மூன்றே மூன்று போதும். தினசரிப் பயிற்சிக்கு ஒரு சாதா ஸ்கெட்ச் புக். கலர் கலக்கிப் பழக 300 ஜி.எஸ்.எம். மரக்கூழ் கோல்ட் பிரஸ் பேட் ஒன்று. மாதத்துக்கு ஒரு தடவை மனசு வைத்துப் போடும் படத்துக்கு 100% பருத்தி முழுத் தாள் ஒன்று. பருத்தித் தாளை 'நல்லா வரைய வந்த பிறகு' என்று பூட்டி வைக்காதீர்கள். தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தத் தாளில் பூசிப் பார்த்தால்தான் தெரியும்.

தோழியின் தங்கைக்கு ஒரு பருத்தித் தாளில் எட்டில் ஒரு துண்டு கொடுத்தேன். அதே பெயிண்ட், அதே பிரஷ், அதே ஏரி. மறுநாள் வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது. மரங்கள் இன்னும் கோணல்தான், அது பழகப் பழகத்தான் வரும். ஆனால் வானம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகக் காய்ந்திருந்தது. கீழே ஒரு வரி: "அக்கா, மீதி ஏழு துண்டு எங்கே?"