இஸ்தோப்பில் இரண்டு தையல் இயந்திரங்கள்

வாழ்வாதார உதவி என்றதும் எங்கள் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கோழிக்குஞ்சு, அடுத்தது தையல் இயந்திரம். உங்களில் பலருக்கும் அது கிடைத்திருக்கும். பயிற்சி முடிந்து சான்றிதழோடு வீட்டுக்கு வந்த இயந்திரம், சில மாதங்களில் பழைய சேலை போர்த்தப்பட்டு மூலையில் நிற்பதை நான் வன்னியிலும் பார்த்திருக்கிறேன், பதுளைத் தோட்டங்களிலும் பார்த்திருக்கிறேன். ஏன் நின்றது என்று கேட்டால், "ஓடர் வருவதில்லை" என்பார்கள். "நூல் வாங்கக் காசில்லை" என்பார்கள். கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால் வேறொரு பதிலும் வரும்: "தனிய இருந்து தைக்க மனம் வரேல்லை."

இதற்கு மாறாக, பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே இஸ்தோப்பில் இரண்டு இயந்திரங்கள் பல வருடங்களாக ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் இருவரையும் நான் 2017ல் முதன்முதலாகச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல, அக்கா, தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அதே தோட்டத்தில்தான். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. 1983 ஜூலைக்குப் பிறகும் போயின. முதல் தடவை போனவர்களோடு போனவர் அவர். அப்போது ஏழு வயது. வன்னியில் காடு வெட்டிக் குடியேறி, அங்கேயே வளர்ந்து, தையல் பழகி, கலியாணம் முடித்தார். 2009ல் செல்லடியில் கணவர் போனார். பதினெட்டு வயது மகன் காணாமற் போனான். மகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010ல் சின்னம்மாவின் லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். கலவரத்துக்குப் பயந்து தோட்டத்தை விட்டுப் போன பிள்ளை, யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டு அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களின் இந்த இரட்டை இடப்பெயர்வைப் பற்றி நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

வந்த இடத்தில் வரவேற்பு இருக்கவில்லை. பதிவு, விசாரணை என்று ஆட்கள் வந்து போனார்கள். அதைப் பார்த்த லயத்துச் சனம் ஒதுங்கிக்கொண்டது. பைப்படியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எண்பத்து மூன்றில் பதுளை நகரம் எரிந்ததைக் கண்ட சனம் அது. வீண் சந்தேகம் தங்கள் வாசலுக்கும் வந்துவிடுமோ என்ற பயம்.

தங்கச்சிக்கு ஐந்து வயது குறைவு. கொழுந்து எடுப்பவர். அவரிடம் அம்மா விட்டுப்போன கால்மிதி சிங்கர் ஒன்று இருந்தது. சிங்கர் இந்த நாட்டில் முதல் கடையைக் கொழும்புப் புறக்கோட்டையில் திறந்தது 1877ல். தவணைக்குக் கிடைக்கும், மிதித்தால் ஓடும். அந்த அம்மாவும் மாதாமாதம் தவணை கட்டித்தான் வாங்கியிருக்கிறார். லயத்துக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. ஆனால் தங்கச்சிக்கு ஓரம் அடிக்கத்தான் தெரியும். ஜாக்கெட் வெட்டத் தெரியாது.

"தீவாளி நேரங்க. எனக்குன்னு ஒரு ஜாக்கெட் துணிய வெட்டிக் கெடுத்துட்டேன். வந்திருக்கிற அம்மா நல்லா தைக்குமாம்னு சின்னம்மா சொன்னாங்க. யாரும் பாக்காத நேரமாப் பாத்து எடுத்துக்கிட்டுப் போனேன். அவங்க ஒண்ணும் பேசல. துணியத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கக்கத்துல ஒரு ஒட்டு வச்சு சரி பண்ணிட்டாங்க."

யாரும் பார்க்காத நேரமாக இரண்டு தடவை போனாராம். மூன்றாம் தடவை பட்டப்பகலில், இயந்திரத்தையே இரண்டு பையன்களிடம் தூக்கக் கொடுத்துக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது?

இருவருக்கும் முதலில் சொற்களே சிக்கல். இவர் ஜாக்கெட் என்பார், அவர் சட்டை என்பார். இவர் பொத்தான் என்பார், அவர் தெறி என்பார். "தெறின்னா என்னான்னே எனக்கு வெளங்கல" என்று தங்கச்சி இன்றைக்கும் சிரிக்கிறார். இப்போது அவரும் தெறி என்றுதான் சொல்கிறார்.

2013ல் ஒரு நலன்புரி அமைப்பு, யுத்தத்தில் கணவரை இழந்தவர்களுக்கென்று தையல் இயந்திரம் கொடுத்தது. பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. லயத்தில் முணுமுணுப்பு எழும்பியது. "நாங்களும் இங்கதானே மாடா ஒழைக்கிறோம், எங்களுக்கு யாரு குடுத்தா?" இந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியாது. தங்கச்சியின் கணவரும் குடித்தே செத்தவர்தான். அதற்கு எந்தத் திட்டத்திலும் கட்டம் இல்லை. அக்கா வாதாடவில்லை. புது இயந்திரத்தைத் தங்கச்சியின் இஸ்தோப்பில், பழைய சிங்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். யாரும் வந்து பழகலாம் என்றார். முதலில் ஒரு பிள்ளை வந்தது, பிறகு இரண்டு. பாடசாலைச் சீருடைத் துணி கொடுக்கும் காலத்தில் அந்த வாசலில் நிற்க இடம் இருக்காது.

சட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த பையில் அக்கா மகனின் சேர்ட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மேலிருந்து இரண்டாவது தெறி இல்லை. எத்தனை பேரின் உடுப்புக்கோ தெறி வைத்த கை, அதற்கு மட்டும் வைக்கவில்லை. தங்கச்சி அதை ஒருநாள் கண்டுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை பசறை டவுனுக்குப் போனபோது அதே நிறத்தில் தெறி வாங்கி நூல் டின்னில் போட்டுவைத்தார். அது அங்கேயே வருடக்கணக்காகக் கிடந்தது.

2018ல் காணாமற்போனோர் அலுவலகம் செயற்படத் தொடங்கியது. பிறகு மட்டக்களப்பிலும் அதற்கு ஒரு கிளை வந்தது. லுணுகலை, பிபிலை, செங்கலடி என்று பஸ்ஸில் போகவேண்டும். தங்கச்சியும் கூடவே போனார். ஒருநாள் பேர் போய்விட்டது, அதைப் பற்றி அவர் கணக்குச் சொல்லவே இல்லை. போவதற்கு முதல்நாள் இரவு அக்கா சேர்ட்டை எடுத்துவந்து, "அந்தத் தெறியைத் தா" என்று கேட்டாராம். டின்னில் தெறி இருப்பது அவருக்கு எப்போதிருந்து தெரியுமென்று தங்கச்சிக்குத் தெரியாது. மகனைப் பற்றி இதுவரை ஒரு பதிலும் வரவில்லை.

ஒருநாள் அவர்களுக்குச் சிலி நாட்டுப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அங்கே 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கணவரையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தேடித் தேடி அலைந்த பெண்கள் 1974 முதல் தேவாலய ஆதரவில் ஒன்றுகூடி, சாக்குத் துணியில் கந்தல் துண்டுகளை வைத்துத் தைத்துப் படமாக்கினார்கள். வீடு, மலை, சிறைவாசல், "எங்கே அவர்கள்?" என்ற கேள்வி. அந்தப் படங்களுக்குப் பெயரே 'அர்பியேரா', சாக்குத் துணி என்றுதான் பொருள். காணாமற் போனவரின் உடுப்பிலேயே துண்டு வெட்டித் தைத்தவர்களும் உண்டு. அவை வெளிநாடுகளுக்குப் போய் விலைப்பட்டன, செய்தியும் சொல்லின. நாடு 1990ல் மீண்டும் மக்களாட்சிக்கு வந்தது. ஒன்றாக இருந்து தைத்த பெண்களில் பலர் அதன் பிறகும் ஒன்றாகவே தேடினார்கள்.

"சாக்குலயா?" என்றார் தங்கச்சி. "நாங்க கொழுந்துக்குப் போறப்ப இடுப்புல கட்டுற படங்கு மாதிரியா?"

அக்கா கேட்டது வேறு. "பிள்ளையள் கிடைச்சாங்களா?"

பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் மிதிச் சத்தம் மட்டும் கேட்டது. "உடுப்பை வெட்ட எனக்கு ஏலாது" என்றார். அந்தப் பேச்சு அதோடு சரி.

2022 நெருக்கடியில் நூல் விலை ஏறியபோது பழைய உடுப்புகளைப் பிரித்து நூலை உருவி மறுபடி தைத்தார்கள். இப்போது அக்காவுக்குக் கண் மங்கல், ஊசி கோர்ப்பது தங்கச்சி. மலையேறி இறங்கித் தங்கச்சிக்கு முழங்கால் வலி, அதிகம் மிதிக்க முடியாது. அதனால் வெட்டுவது இவர், மிதிப்பது அவர் என்று வேலையை மாற்றிக்கொண்டார்கள். நான் கடைசியாகப் போனபோது, ஒரு பாவாடைத் துணியை நெட்டுக்கு வெட்டியிருக்கவேண்டுமா குறுக்குக்கு வெட்டியிருக்கவேண்டுமா என்று இருவருக்கும் பெரிய சண்டை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நான் பஸ்ஸுக்கு இறங்கும்போதும் அது முடியவில்லை.