தமிழக ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து வேறுபாடுகள்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது ஒரே ஊருக்குப் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஒலிபெயர்ப்புக்கு எல்லோரும் பின்பற்றும் ஒரே முறை இல்லாததே இதற்கு அடிப்படை.

காரணங்கள்

1. ஐரோப்பியர் தம் காதில் விழுந்தபடி எழுதிய வடிவங்கள். கடலூரின் ஆங்கில வடிவம் இவ்வகையைச் சேர்ந்தது. இன்றும் மாவட்டப் பெயராக நீடிக்கிறது. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆனதும் இவ்வாறே.

2. எழுத்துப் பற்றாக்குறை. ந, ண, ன மூன்றுக்கும் ‘என்’. ல, ள இரண்டுக்கும் ‘எல்’. ழகரம் பழனியில் ‘எல்’, கேரளத்துக் கோழிக்கோட்டில் ‘இசட் எச்’. பண்ருட்டியின் இரட்டை டகரம், வழக்கமான ஆங்கில வடிவில் ஒற்றை ‘டி’யாகிறது.

3. வடமொழி உச்சரிப்பைத் தழுவுதல். விருத்தாசலம் ரயில் நிலையப் பெயரில் ‘வி’யை அடுத்து உடனே ‘ஆர்’ வரும். தமிழ் ஒலிப்படி எழுதுவோர் இடையில் ‘ஐ’ சேர்ப்பர்.

நெய்வேலியின் ‘ய்’ ஒலிக்கு ‘ஒய்’ என்பதே நிலைத்த வடிவம். 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பழைய பெயரிலும் அதுவே இருந்தது. ஆனாலும் ‘ஐ’ இட்டு எழுதுவோரும் உண்டு.

சீர்திருத்த முயற்சிகள்

சீனா 1958இல் ‘பின்யின்’ என்ற ஒரே முறையை ஏற்றது. 1977இல் ஐ.நா. மாநாடு சீன ஊர்ப்பெயர்களுக்கு அதையே பரிந்துரைத்தது. ‘பீகிங்’ என்ற பழைய வடிவம் மெல்ல விலகி ‘பெய்ஜிங்’ உலக வழக்காயிற்று.

தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவங்களைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. வேலூரின் ஏகாரத்துக்கு ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து இரட்டிக்கப்பட்டதால், அது ‘வீலூர்’ என வாசிக்கும்படி அமைந்தது. இத்தகைய குறைகள் சுட்டப்பட்டதால் சில நாள்களிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் போதாது. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற ஒழுங்கும் வேண்டும் என்பதை இது காட்டியது.

மாணவர் கவனத்திற்கு

மதிப்பெண் சான்றிதழில் ஒரு வடிவமும் ஆதாரில் மற்றொரு வடிவமும் இருந்தால், சரிபார்ப்பின்போது விளக்கம் தர வேண்டியிருக்கும். விண்ணப்பங்களில் சான்றிதழில் உள்ள வடிவத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுவது நல்லது. இணையத்தில் ஓர் ஊர் கிடைக்காவிட்டால் ‘இசட் எச்’சுக்குப் பதில் ‘எல்’, ஒற்றை எழுத்துக்குப் பதில் இரட்டை என மாற்றித் தேடிப் பார்க்கலாம். ஐயம் எழும்போது தமிழ் வடிவமே மூலம்.