கொப்பியா? கணினியா?
வீட்டுத் தொழில் செய்வோர் வாடிக்கையாளர் விபரங்களைப் பேணும் முறை

திருகோணமலைத் துறைமுகத்தினுள் ஒரு கப்பல் நுழையும்பொழுது, அதன் பெயர் யாது, எந்நாட்டுக் கொடியை உடையது, எங்கிருந்து வருகின்றது, எச்சரக்கை ஏற்றியுள்ளது, நீரினுள் எத்தனை மீற்றர் ஆழ்ந்து மிதக்கின்றது என்பன யாவும் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. சீனன்குடாவிலுள்ள மா ஆலைக்குக் கோதுமை கொணரும் கப்பலாயினும் சரி, சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் கொணரும் கப்பலாயினும் சரி, இவ்விதிக்கு விலக்கில்லை. பதிவேடு இல்லாத துறைமுகம் ஒருநாளேனும் நடைபெறுமோ?

அத்துறைமுகத்திற்குக் கூப்பிடு தூரத்திலுள்ள வீடுகளிலே நாள்தோறும் எத்தனையோ சிறு தொழில்கள் நடைபெறுகின்றன. ஒரு வீட்டிலே தையல். மற்றொரு வீட்டிலே பலகாரம். பிறிதொரு வீட்டிலே மிளகாய்த் தூள், கருவாடு, பூமாலை, பிறந்தநாள் கேக். இவற்றை நடத்துவோருட் பலர் குடும்பப் பெண்கள். அவர்களிடம் பதிவேடு உண்டா என்று வினவினால், கையிலுள்ள தொலைபேசியைக் காட்டிப் புன்னகை புரிவர். "எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றது" என்பர். அந்தத் தொலைபேசி ஒருநாள் இல்லாமற் போனால் என்னவாகும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு தீபாவளிக் காலத்தில்

உவர்மலையிலே பலகாரம் செய்து விற்கும் அம்மையார் ஒருவரை நான் அறிவேன். முறுக்கு, பயற்றம் பணியாரம், சீப்புப் பணியாரம், அரியதரம் ஆகியவற்றில் அவர் கைதேர்ந்தவர். கணவர் காலமான பின்னர், இரு பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் அந்த அடுப்பையே நம்பியிருந்தன. உப்புவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் அவரிடம் சொல்லிச் செய்விப்போர் உண்டு. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள், இங்குள்ள தாய் தந்தையருக்குக் கொடுக்கும்படி பணம் அனுப்புவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், அவருடைய தொலைபேசி மாக்கரைத்த பாத்திரத்தினுள் விழுந்துவிட்டது. யார் யார் என்னென்ன கேட்டார்கள், எவர் முற்பணம் தந்தார், எந்த நாளில் எந்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்னும் விபரங்கள் அனைத்தும் அதனோடு அழிந்தன. நினைவிலிருந்தவற்றை அவர் தாளில் எழுதினார். சிலர் தாமாகவே வந்து கேட்டனர். "முற்பணம் தந்தேன்" என்று சொன்னவர்கள் சொல்லை அவர் அப்படியே நம்பினார். வேறு வழியும் இல்லை.

ஆயினும் ஒரு வீட்டார் மட்டும் அவர் நினைவுக்கு வரவேயில்லை. அவர்கள் தம் மகளின் பொன்னுருக்கலுக்காகச் சொல்லியிருந்தவர்கள். அன்று காலை அவ்வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றபோது, கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். எனினும் அக்குடும்பத்தார் பின்னர் அவரிடம் வந்ததில்லை. "காசு போனால் உழைக்கலாம், அந்தப் பிள்ளையின் நாளை நான் திரும்பக் கொடுக்க இயலாதே" என்று அவர் இன்றும் சொல்லி வருந்துவார்.

பெயர்களைப் பேணிய வரலாறு

வாடிக்கையாளர் விபரங்களைப் பேணும் கலை நமக்குப் புதியதன்று. தமிழ் வணிகர் சிட்டை, குறிப்பேடு, பேரேடு என ஒழுங்குபட எழுதி வந்தனர். தமிழ்நாட்டிலே மதுரைப் பக்கத்தில் விசேட வீடுகளில் எழுதப்படும் மொய்ப் பதிவும், ஊர், பெயர், தொகை என நிரல்படுத்திய ஒரு தொடர்பேடேயாம். இக்காலத்தில் அதனைக் கணினியில் எழுதிக் கொடுப்போரும் அங்கு உளர்.

மேனாட்டிலே 18ஆம் நூற்றாண்டில் இயற்கையியல் அறிஞர் லின்னேயசு, ஏட்டில் இடையிடையே புதிய செய்திகளைச் செருக முடியாத இடர்ப்பாட்டைக் கண்டு, தனித்தனிச் சீட்டுகளில் குறிப்பெழுதினார். சீட்டை எங்கும் செருகலாம், எடுத்து மாற்றலாம் அன்றோ? 1950களில் அமெரிக்கரான ஆர்னோல்ட் நியூஸ்டாட்டர், அத்தகைய சீட்டுகளை ஓர் உருளையிற் கோத்து 'றோலோடெக்ஸ்' என்னும் சுழல்பேழையை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1987இல் 'அக்ட்' என்னும் மென்பொருள் இவ்வேலையைக் கணினிக்கு மாற்றியது. 1999இல் தோன்றிய 'சேல்ஸ்போர்ஸ்' நிறுவனம், மென்பொருளை இணையத்தின் வழியே வாடகைக்குக் கொடுக்கும் முறையைப் பரப்பியது. சென்னையில் வேரூன்றிய 'சோஹோ' நிறுவனம் 2005இல் இத்துறையில் இறங்கி, 2020இல் சிறு தொழில்களுக்கென்றே 'பிகின்' என்னும் எளிய மென்பொருளை வெளியிட்டது.

கருவி மாறிய போதிலும் கேள்வி மாறவில்லை: இவர் யார்? என்ன கேட்டார்? நாம் என்ன சொன்னோம்? அடுத்து என்ன செய்யவேண்டும்?

நான்கு வழிகள்

அம்மையாரின் மகள் அப்போது உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயின்றுகொண்டிருந்தாள். வெளிநாட்டிலுள்ள மாமன், பெரிய நிறுவனங்கள் கையாளும் மென்பொருளொன்றை வாங்கும்படி தொலைபேசியிற் கூறினார். தாய் தயங்கினார்.

"பிள்ளை, அதற்கு மாதா மாதம் டொலரில் காசு கட்டவேண்டுமாமே?"

"ஓம் அம்மா. முதலில் எங்களுக்கு என்ன தேவை என்று எழுதிப் பார்ப்போம். பிறகு எது வேண்டுமென்று தெரியும்."

மென்பொருளைத் தேடுமுன் தேவையை எழுதிய அப்பிள்ளையின் முறையையே நாமும் பின்பற்றுவோம். அவளுக்குத் தென்பட்ட வழிகள் நான்கு.

முதலாவது, கொப்பி. விலை சொற்பம், மின்சாரம் வேண்டாம், எவரும் எழுதலாம். ஆனால் நூறு பேருக்கு மேற்பட்டால் ஒருவரைத் தேடுவது கடினம். பிரதியும் இராது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நம் கரையோர மக்கள் இழந்த உயிர்களுக்கு ஈடில்லை. உயிர் தப்பியோர் பலர், கணக்கேடுகளும் பத்திரங்களும் இன்றித் தொழிலைப் புதிதாய்த் தொடங்க நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது. ஒரே இடத்தில் உள்ள ஒரே ஏடு ஆபத்தானது.

இரண்டாவது, 2018இல் வெளிவந்த 'வாட்ஸ்அப் பிஸினஸ்'. இதற்குக் கட்டணமில்லை. 'புதிய கேள்வி', 'முற்பணம் வந்தது', 'கொடுத்து முடிந்தது' என்றவாறு ஒவ்வோர் உரையாடலுக்கும் அடையாளச் சீட்டு இடலாம். பொருள்களின் படத்தையும் விலையையும் காட்டி வைக்கலாம். பலருக்கு ஒரே செய்தியை அனுப்பும் வசதியும் உண்டு. எனினும் நமது எண்ணைத் தம் தொலைபேசியிற் பதிந்திருப்போருக்கே அச்செய்தி சென்றடையும். கணக்குப் பார்க்கவோ, கடந்த ஆண்டு யார் எவ்வளவு வாங்கினார் என்று தொகுக்கவோ இஃது உதவாது.

மூன்றாவது, 'எக்ஸெல்', 'கூகுள் ஷீட்ஸ்' போன்ற அட்டவணைச் செயலிகள். வரிசைக்கு ஒருவர், நிரலுக்கு ஒரு விபரம். விரும்பியவாறு பிரிக்கலாம், கூட்டலாம், தேடலாம். கூகுள் கணக்கொன்றை இலவசமாகத் திறப்போருக்கு 15 ஜிகாபைற் இடம் கிடைக்கின்றது. பெயர்ப் பட்டியலுக்கு அதில் ஒரு துளியே போதும். ஆனால் "நாளை இன்னாருக்குக் கொடுக்கவேண்டும்" என்று அட்டவணை தானாக எழுந்து சொல்லாது. தினமும் திறந்து பார்க்கும் ஒழுங்கு நமக்கு வேண்டும்.

நான்காவது, இதற்கென்றே அமைந்த தொடர்பு மென்பொருள். நினைவூட்டல், உரையாடற் குறிப்பு, விற்பனையின் படிநிலை ஆகியன யாவும் இதிற் சேர்ந்திருக்கும். இருவர் மூவர் சேர்ந்து விற்பனையைக் கவனிக்கும் தொழிலுக்கு இது பெரிதும் பயன்படும். தனியொருவர் நடத்தும் அடுப்படித் தொழிலுக்கோ, நிரப்பவேண்டிய கட்டங்களே பெருஞ்சுமையாகிவிடும். நிரப்பாத மென்பொருள் எழுதாத கொப்பியினும் தாழ்ந்தது. ஏனெனில் அதற்குக் காசும் கட்டுகின்றோம்.

தமிழ்ப் பெயரும் இயந்திரமும்

இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் நமக்கே உரிய சில இடர்ப்பாடுகள் உண்டு. மேனாட்டு மென்பொருள்கள் 'முதற் பெயர்', 'குடும்பப் பெயர்' என இரு கட்டங்களைக் கேட்கின்றன. நமக்கோ தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்க, சொந்தப் பெயர் பின்னே வருகின்றது. கட்டத்தை அப்படியே நிரப்பினால், மகளொருத்தி தன் தந்தையின் பெயரில் அழைக்கப்படுவாள். முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுத விடும் மென்பொருளே நமக்கு ஏற்றது.

மேலும் நம் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அயலவராய் வாழ்கின்றனர். வாடிக்கையாளர் பெயர்களும் மூவகை எழுத்தில் வந்து சேரும். ஆங்கிலத்தில் எழுதினாலோ, சிவகுமார் என்னும் ஒரே பெயரை 'எஸ்' என்று தொடங்குவோரும், 'எஸ்', 'எச்' என்று தொடங்குவோரும் உளர். ஆதலின் பெயரைக் கொண்டு தேடுவதினும் தொலைபேசி எண்ணைக் கொண்டு தேடுவதே பிழையற்றது. ஓர் எண்ணுக்கு ஒரு வரிசை என்பதை விதியாகக் கொள்க.

எண்ணை எழுதுவதிலும் ஒரு கண்ணி உண்டு. அட்டவணையில் 07 எனத் தொடங்கும் எண்ணை அப்படியே தட்டினால், கணினி அதனைக் கணக்கு எண்ணென்று கருதி முதற் சுழியத்தை விழுங்கிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே 'எழுத்து' என்று குறித்தல் வேண்டும். அல்லது இலங்கைக்குரிய 94 என்னும் எண்ணை முன்னிட்டு, சுழியத்தை நீக்கி எழுதலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளோருக்கு இதுவே சிறந்தது.

தமிழில் எழுதுவோர் யூனிகோட் முறையிலேயே எழுதுக. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் எழுதினால், அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் தமிழ்ப் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும், தேடவும் இயலாது.

டொலரும் மின்வெட்டும்

2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு உயர்ந்தது. மாதம் ஐந்து டொலர் வாடகைக்கு மென்பொருள் பெற்றிருந்தவருக்கு, ஆயிரம் ரூபாய்ச் செலவு மூன்று மாதத்துள் ஆயிரத்து எண்ணூறாயிற்று. மாவும் எரிவாயுவும் கிடைக்காத அந்நாட்களில் அஃது எளிய தொகையன்று. மார்ச் இறுதியில் மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தது.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். இணையம் இல்லாத வேளையிலும் திறக்கக்கூடியதாய் நம் பட்டியல் இருத்தல் வேண்டும். வாடகையை நிறுத்தும் நாளில் நம் விபரங்களை முழுமையாய் வெளியே எடுக்கவும் முடிதல் வேண்டும். மென்பொருளைத் தேரும்போது, "எப்படிச் சேர்வது?" என்று கேட்குமுன் "எப்படி வெளியேறுவது?" என்று கேளுங்கள். எந்த அட்டவணையிலும் திறக்கக்கூடிய 'சி.எஸ்.வி.' கோப்பாகத் தரும் மென்பொருளையே நம்பலாம். பத்துப் பெயரை இட்டு, அவற்றை வெளியே எடுத்துப் பார்த்த பின்னரே மற்றைய பெயர்களை இடுதல் நன்று.

பிறர் செய்தியைப் பேணுதல்

பலகாரம் விற்பவர், "இவருக்கு நீரிழிவு, சீனி குறைக்கவும்" என்று எழுதி வைப்பது நல்லெண்ணத்தாலேயே. ஆயினும் அது பிறருடைய உடல்நிலை பற்றிய செய்தி. தையற்காரியின் கொப்பியிலுள்ள அளவுகளும் அத்தகையனவே. இலங்கையிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எதற்காகப் பெற்றோமோ அதற்கு மட்டுமே ஒருவருடைய விபரத்தைப் பயன்படுத்துதல் வேண்டும் என்பது அத்தகைய சட்டங்களின் அடிப்படை. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், வாடிக்கையாளர் எண்ணை மற்றொரு வியாபாரிக்குக் கொடாதிருத்தலும், தொலைபேசிக்குக் கடவுச்சொல் இடுதலும், தேவையற்றதை எழுதாது விடுதலும் நல்லொழுக்கமாம்.

அவர்கள் தேர்ந்தது

தாயும் மகளும் ஈற்றிலே மூன்றாம் வழியைத் தேர்ந்து, முதலாம் வழியைத் துணையாகக் கொண்டனர். அட்டவணையிலே எட்டே நிரல்கள்: தொலைபேசி எண், பெயர், ஊர், கேட்ட பொருள், கொடுக்கும் நாள், முற்பணம், மீதி, குறிப்பு. நாளை 5/6 என எழுதினால் ஜூன் ஐந்தா, மே ஆறா என்னும் மயக்கம் வருமாதலால், மாதத்தின் பெயரை எழுத்திலேயே எழுதுவதென முடிவு செய்தனர். அடுப்படியில் ஒரு கொப்பி தொங்கும்; கையில் மாவுடன் தாய் அதிற் குறிப்பார். இரவிலே மகள் அதனை அட்டவணையில் ஏற்றுவாள். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதி எடுத்து, பாலையூற்றிலுள்ள சிறிய தாயாருக்கு அனுப்பி வைப்பாள்.

அடுத்த தைப்பொங்கலுக்கு எந்தக் கட்டளையும் தவறவில்லை. இப்போது மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றாள். தாயே அட்டவணையில் எழுதப் பழகிவிட்டார். தொழில் பெருகி, உதவிக்கு இருவரை அமர்த்தும் நாள் வரின், நான்காம் வழிக்குச் செல்லலாம் என்கிறார். அந்நாளில் அட்டவணை முழுவதையும் அப்படியே மென்பொருளுக்கு மாற்றிவிடலாம். எழுதிய உழைப்பு வீண்போகாது.

மாணவர்களே, விடுமுறை நாளில் உங்கள் தாயாரோ சிறிய தாயாரோ செய்யும் தொழிலுக்கு இத்தகைய அட்டவணை ஒன்றை அமைத்துக் கொடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். தாய்மார்களே, மென்பொருள் யாதாயினும் ஆகுக. இன்றிரவே உங்கள் தொலைபேசியிலுள்ள பெயர்களுக்கு ஒரு பிரதி எடுத்து, வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள்.