ஊதா முத்திரையின் மேல் இரு சொற்கள்

சென்ற ஐப்பசியில் அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், எம்மிடம் முன்பு பயின்ற மாணவன் ஒருவன் நனைந்தபடி வந்து நின்றான். இறக்குவானைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவன். அவனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. கையில் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தான். அவன் தாத்தா தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கந்தோரின் பழைய கடிதக் கட்டுகளை எரிக்கக் குவித்தபோது, உறைகளை மட்டும் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்தாராம். பின்னர் முத்திரை சேர்க்கும் பித்து முற்றி, கொழும்பிலும் காசு கொடுத்துச் சில வாங்கியிருக்கிறார்.

“இதுக்கு இரத்தினபுரியில ஒருத்தர் முப்பதாயிரம் தாறேன்னு சொல்றார், சேர்” என்று தனித்த முத்திரை ஒன்றை நீட்டினான். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த ஊதா நிற 5 சத முத்திரை. அதன்மேல் ‘ஒன் சேர்விஸ்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் கறுப்பு மையில் இரு முறை, ஒன்றின்மேல் ஒன்று சற்றே விலகி, விழுந்திருந்தன.

அச்சாகி முடிந்த முத்திரையின்மேல் மீண்டும் எழுத்துகளை அச்சிடுவதையே மேலச்சு என்கிறோம். இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி வெளியாயிற்று. அரசாங்கக் கந்தோர்களின் முத்திரையைப் பொதுமக்களின் முத்திரையினின்றும் பிரித்தறிய வேண்டுமென்னும் எண்ணம் 1869இலேயே எழுந்தது. ‘சேர்விஸ்’ என்ற சொல்லை மேலச்சிட்டு ஆயத்தமும் செய்தனர். ஏனோ அவை வழக்குக்கு வரவேயில்லை. 1895இல்தான் ‘ஒன் சேர்விஸ்’ என்ற மேலச்சு வந்தது. 1903இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முத்திரைகளும் அவ்வாறே மேலச்சிடப்பட்டன. 1904 ஒக்டோபர் 1ஆந் திகதி அனைத்தும் மீட்டுக்கொள்ளப்பட்டன. பிரித்தானியாவிலும் இத்தகைய முத்திரைகள் அதே ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்டன. ஆக, எமது நாட்டில் இவற்றின் ஆயுள் ஒன்பது ஆண்டுகளே. கச்சேரிக் கிளாக்கர் ஒருவர் தம் மைத்துனருக்கு எழுதும் கடிதத்தில் அரசாங்க முத்திரையை ஒட்டிவிடாதிருக்கவே இத்தனை ஏற்பாடும் என்று எண்ணும்போது, மனித இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே எனத் தோன்றுகிறது.

அச்சுக்கூடத்தில் பிழை நேர்வது எளிது. தாள் ஒன்று இரு முறை பொறிக்குள் போனால் இரட்டை மேலச்சு. தலைகீழாகப் போனால் தலைகீழ் மேலச்சு. ஈய எழுத்தைக் கையாற் கோத்த காலத்தில் எழுத்து மாறுவதும், தேய்வதும், புள்ளி உதிர்வதும் உண்டு. இந்தியாவில் 1866இல் கல்கத்தா இராணுவ அநாதைகள் அச்சகத்தில் ‘சேர்விஸ்’ என மேலச்சிட்டபோது, சிலவற்றில் சொல்லின் இறுதிப் புள்ளி இல்லை. சிலவற்றில் ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி இல்லை. எம் நாட்டில் 1890இல் 15 சத முத்திரையை 5 சதமாக்க மேலச்சிட்டபோது, ‘ஃபைவ்’ என்ற சொல்லில் ‘ஐ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எல்’ எழுத்துப் புகுந்துகொண்டது. ஒரு தாளில் ஓரிடத்திலுள்ள எழுத்துப் பழுதானால், அடுத்தடுத்த தாள்களிலும் அதே இடத்தில் அதே பிழை திரும்பத் திரும்ப வரும். ஒரே ஒரு முறை மட்டும் நேர்ந்த மைத்திட்டுக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. தாள் நழுவியதால் எழுத்தின் ஓரம் மங்கி நிழல்போற் காண்பதையும் இரட்டை என்று சொல்லிவிடலாகாது. உண்மையான இரட்டையில் இரண்டு பதிவும் தெளிவாக, தனித்தனியே அழுந்தியிருக்கும்.

பிழைக்கு விலை அதிகமாதலால் பிழையைச் செய்து விற்பாரும் பெருகினர். மலிவான சாதாரண முத்திரையின்மேல் எழுத்தைக் குத்திவிட்டாற் போதும்! பொய்யை அறிய முதல் வழி, தபாற் குறியைப் பார்ப்பது. மேலச்சு முந்தியது, தபாற் கந்தோரில் குத்திய குறி பிந்தியது. ஆகவே இரண்டும் குறுக்கிடுமிடத்தில் குறியின் மையே மேலிருத்தல் வேண்டும்.

மின்விளக்கைச் சரித்து வைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினோம். மேலச்சின் மை குறியின் வளையத்தைத் தாண்டி மேலே மினுங்கிற்று. எனினும் ஐயம் தீரவில்லை. கறுப்பின்மேற் கறுப்பு கண்ணை ஏய்க்கும். பின்னர் அவனையே பார்க்கச் சொன்னோம். “குறியில் உள்ள ஆண்டு தெரிகிறதா?” என்றோம்.

“தொண்ணூத்து மூணு” என்றான். சிறிது நேரம் கழித்து, அவனே, “அப்போ இந்த எழுத்தே இருக்கலையே, சேர்” என்றான்.

1893இல் தபாலிற் சென்ற முத்திரையின்மேல் 1895இல் வந்த மேலச்சு! வேறு சான்று எதற்கு?

தகரத்தின் அடியில் முழு உறை ஒன்று கிடந்தது. கச்சேரியிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. மூலையில் அதே ஊதா 5 சதம், ஒற்றை மேலச்சுடன். அதன்மேல் தபாற் குறி ஒழுங்காய் விழுந்திருந்தது. ஆண்டு 1898. பின்புறத்தில் ‘றக்வான’ என ஒலிக்கும் ஆங்கில எழுத்துகள், எமது ஊரேதான். அதை நீரிலிட்டு முத்திரையை உரித்தெடுக்க இருந்தானாம். நல்லவேளை! யாமும் இளமையில் அவ்வாறு பல உறைகளைக் கெடுத்து, பிறகு வருந்தியவர்களே. உறையோடு இருந்தாற்றான் எங்கிருந்து, எங்கு, எப்போது சென்றது என்பது நிற்கும். அதற்கும் ஓரளவு விலை கிடைக்கும் என்றோம். முப்பதாயிரத்துக்கு அருகிலும் வராது என்பதையும் மறைக்கவில்லை.

அவன் நெடுநேரம் பேசவில்லை. வெளியே மழை ஓய்ந்திருந்தது. முதலாண்டுச் செலவுக்கு அம்மா அந்தப் பணத்தையே நம்பியிருக்கிறாள் என்று மெல்லச் சொன்னான். பிறகு, “வாங்கப் போறவருக்கு இது தெரியாது தானே, சேர்?” என்றான்.

யாம் உடனே மறுமொழி கூறவில்லை. உபதேசம் செய்வது எளிது. செலவுக் கணக்கு எம்முடையதன்று. “உன் தாத்தாவுக்கும் தெரிந்திராது. அவரிடம் விற்றவனுக்குத் தெரிந்திருக்கும்” என்று மட்டும் சொன்னோம்.

முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பு எமது மேசையிலிருந்து பென்சில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில் ‘பொய் மேலச்சு’ என்று எழுதினான். உறையைப் புத்தகமொன்றின் நடுவே வைத்துத் தகரத்தை மூடிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.