பழைய சிட்டிக்கு ஒரு புதுக் காற்றுக்குழாய்

“அண்ணே, நம்ம சிட்டிக்கு ஒரு கோல்ட் ஏர் இன்டேக் போட்டா பிக்கப் எவ்வளவு ஏறும்?”

பக்கத்துத் தெருத் தம்பியின் கேள்வி இது. அவனிடம் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி விடெக். 1500 சிசி, 106 குதிரைத்திறன். வயது இருபதைத் தாண்டியும் ஆசைப்பட்டுத் தேடி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிற வண்டி. கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: காதுக்கு நிறைய, காருக்குக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமாவது கைக்கு வர வேண்டுமென்றால் குழாயின் பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. அதன் மறுமுனை எங்கே போய் நிற்கப் போகிறது என்று பார்க்க வேண்டும். டீ இன்னும் ஆறவில்லை, பொறுமையாகவே சொல்கிறேன் தம்பி.

பெட்ரோல் இன்ஜினுக்கு நாம் போடுவது பெட்ரோல் என்றாலும் அது அதிகம் தின்பது காற்றைத்தான். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போயிருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுப்பது கொள்ளளவை. எரிவதற்கு உதவுவதோ எடை. காற்று சூடானால் விரியும். அதே கொள்ளளவுக்குள் எடை குறையும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சுமார் 9 சதவீதம் இலேசு. கோல்ட் ஏர் இன்டேக்கின் மொத்த வியாபாரமும் இந்த 9 சதவீதத்தின் மேல்தான் நிற்கிறது. இதில் ‘கோல்ட்’ என்றால் குளிர்ந்த காற்று என்று நினைத்துவிடாதே. நம் ஊரில் சித்திரை வெயிலில் குளிர்ந்த காற்றுக்கு எங்கே போவது? பானெட்டுக்கு வெளியே உள்ள காற்று, அவ்வளவுதான்.

“அப்போ 9 சதவீதம் பவர் கூடுமா?”

அவசரப்படாதே. கம்பெனிக்காரனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து முன்பக்கம் போகும் பிளாஸ்டிக் மூக்கு எங்கே முடிகிறது என்று கைவிட்டுத் தடவிப் பார். பல வண்டிகளில் அது கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோதான் வாய் திறந்திருக்கும். அதாவது கம்பெனி பொருத்தியதே பாதி கோல்ட் ஏர் இன்டேக். அந்த வழியில் ஒரு காலி டப்பாவும் தொங்கும், அது ரெசொனேட்டர். காற்று துடித்துத் துடித்து உள்ளே போகிறபோது எழும் உறுமலை விழுங்குவது அதன் முக்கிய வேலை. புது கிட் போடும்போது அந்த டப்பா போய்விடும், உறுமல் வெளியே வரும். ஆக்ஸிலேட்டரை அமுக்கியதும் அந்தச் சத்தம் வந்தால் வண்டி பாய்கிற மாதிரியே இருக்கும். ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். சத்தத்துக்காகப் போடுகிறேன் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

உண்மையில் ஏமாறுவது வேறு இடத்தில். பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு குட்டைக் குழாயின் நுனியில் கூம்பு ஃபில்டரை மாட்டி, பானெட்டுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். பார்க்க ரேஸ் வண்டி போலிருக்கும். ஆனால் அது இழுப்பது ரேடியேட்டரைத் தாண்டி வந்த அனலை. ஏசி ஓட, சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால், இருந்த பவரும் குறைந்துதான் தெரியும். குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 6000 ஆர்பிஎம்மில் இந்த 1500 சிசி இன்ஜின் நொடிக்கு அறுபது லிட்டருக்கு மேல் இழுக்கும். இரண்டடிக் குழாயைக் கடக்க அந்தக் காற்றுக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது; சூடாவதற்கு நேரமே இல்லை. ஐடிலிங்கில் மெதுவாகப் போகிறபோது உலோகக் குழாய் கொஞ்சம் சூடேற்றும், உண்மைதான். ஆனாலும் ஃபில்டர் நிற்கும் இடம் பத்து மடங்கு முக்கியம்.

மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடு. நாற்பது, ஐம்பதில் போகும்போது த்ராட்டில் தகடு பாதிகூடத் திறந்திருக்காது. காற்றை அடைத்து வைத்திருப்பதே அந்தத் தகடுதான். குழாயைப் பாதி மூடி வைத்துக்கொண்டு மொட்டை மாடித் தொட்டியைப் பெரிதாக்கினால் வாளி சீக்கிரம் நிரம்பாது. முழுசாக அமுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் புது இன்டேக்குக்கு வேலை. அப்போதும் கிடைப்பது கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய குதிரைகள்.

பழைய வண்டிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இருபது வருடத்தில் அது இழந்த பவர், எந்த கிட்டும் தரப்போகிற பவரைவிட அதிகமாக இருக்கலாம். அதனால் முதலில் பார்க்க வேண்டியவை: பாக்ஸுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸின் மடிப்புகளை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார். த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்திருந்தால் கிளீனர் அடித்துத் துடை. பிளக் எப்போது மாற்றியது என்று யோசி. இந்த இன்ஜினில் வால்வ் கிளியரன்ஸைக் கையால்தான் செட் பண்ண வேண்டும்; பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். இவை முடிந்த பிறகு ஒரு புது பேப்பர் ஃபில்டரைப் போட்டு ஓட்டிப் பார். நிறையப் பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? சரி, பொருத்துவோம். பேட்டரியின் மைனஸ் டெர்மினலை முதலில் கழற்று. பழைய பாக்ஸின் போல்ட்டுகள் பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குள் அடங்கும். ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் காய்ந்து கிடக்கும், பிடித்து இழுத்தால் ஒடியும். ஹோஸைச் சுற்றித் திருகித் தளர்த்தி எடு. கழற்றுவதற்கு முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள். எந்தச் சின்னக் குழாய் எங்கிருந்து வந்தது என்று சாயங்காலம் மறந்துபோகும்.

அந்தச் சின்னக் குழாய்கள்தான் வேலையின் உயிர். வால்வ் கவரிலிருந்து ஒரு பிரீதர் ஹோஸ் வரும். புதுக் குழாயில் அதற்கு ஒரு மூக்கு இருக்க வேண்டும். அதை அப்படியே திறந்து விட்டால் இன்ஜின் வயிற்றுக்குள் வடிகட்டாத தூசி போகும், பானெட்டுக்குள் ஆயில் வாடை அடிக்கும். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இன்டேக் வழியில் இருக்கிற வண்டி என்றால் அதையும் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். உன் சிட்டி காற்றின் அளவை மேனிஃபோல்டில் உள்ள அழுத்த சென்சாரை வைத்துக் கணக்கிடுகிற வகை. குழாய் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகள் அப்படியில்லை. சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் உள்விட்டம் மாறினாலே அதன் கணக்கு தப்பிவிடும். சென்சாரைத் தாண்டி எங்காவது கசிவு இருந்தால் கணக்கில் வராத காற்று நுழைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, செக் இன்ஜின் விளக்கு எரியும்.

குழாயை இறுக்கும்போது ஒன்றை நினைவில் வை: இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. பழைய மவுண்டிங் தளர்ந்திருந்தால் இன்னும் ஆடும். அதனால் த்ராட்டில் பக்கம் வளைந்துகொடுக்கும் சிலிக்கான் ஹோஸ் இருக்க வேண்டும், பாடியோடு பிடிக்கும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். கிளாம்ப்பை முதலில் தளர்வாக மாட்டி, எல்லாம் உட்கார்ந்த பிறகே இறுக்கு. உலோகக் குழாய் என்றால் பேட்டரியின் பிளஸ் டெர்மினலுக்கு அருகில் வரவே கூடாது. பானெட்டை மெதுவாக இறக்கி எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் பண்ணி, உஸ் என்று எங்காவது காற்று இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேள்.

கிட்டோடு வருவது பெரும்பாலும் ஆயில் தடவிய பருத்தி ஃபில்டர். 1969-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என் பிரபலமாக்கிய வகை. கழுவிக் கழுவிப் போடலாம். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டு, நிழலில் தானாகக் காயவிட்டு, மடிப்பு மடிப்பாக அளவாக ஆயில் விட வேண்டும். ஏர் கம்ப்ரஸரைக் காட்டிக் காயவைத்தால் துணி கிழியும். ஆயில் அதிகமானால் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதன் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் நல்ல பேப்பர் ஃபில்டர் மேல்தான் எனக்கு நம்பிக்கை. செம்மண் சாலையில் தினம் போகிறவனுக்குப் பருத்தி ஃபில்டரை நான் சொல்லவே மாட்டேன்.

சட்டத்தையும் கேட்டுக்கொள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. உன் வண்டி 15 வருடம் தாண்டி, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்து ஓடுகிற வண்டி. ஆர்டிஓ ஆபீசில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் இப்படி ஒரு இன்டேக் விற்க வேண்டுமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்துக் கொடுத்த உத்தரவு எண் வேண்டும். அந்த எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கிட் இங்கே வந்தாலும் அந்த ஸ்டிக்கருக்கு இங்கே மதிப்பில்லை.

கடைசியாகத் தண்ணீர். நல்ல காற்று கிடைக்கும் இடம் பம்பருக்குப் பின்னால், கீழே. மழைத் தண்ணீர் தேங்குவதும் அதே உயரத்தில்தான். சாரலைத் தடுக்க ஃபில்டருக்கு உறை கிடைக்கும். முழுகினால் அது காப்பாற்றாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் கொஞ்சம் புகுந்துவிட்டாலே மேலே வருகிற பிஸ்டன் முட்டி நின்று, கனெக்டிங் ராடு வளையும். தேங்கிய தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் திரும்ப ஒருமுறைகூட ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே. தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக்கை வைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

சென்னைப் பக்கம் ஓட்டுவதாக இருந்தால் நான் சொல்வது இதுதான். பழைய பாக்ஸையும் மூக்கையும் காயலான் கடையில் போடாமல் பரண்மேல் வை. ஐப்பசி பிறந்ததும் கீழே இறக்கி மாட்டு. ஒரு ஸ்பேனர், அரைமணி நேரம். தை பிறந்த பிறகு வேண்டுமானால் உன் உறுமலைத் திரும்ப மாட்டிக்கொள்.